புகை விடும் போத்தலும் நீல ஹைட்ரேஞ்சியாவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஊக்கிகளைப் பற்றி நான்கு வரி எழுதப்போய், இந்த முறை வந்த தபாலில் பாதி இரசாயனவியல் கேள்விதான். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்சீனோடு மெதைல் கூட்டத்தைச் சேர்க்கும் தாக்கத்துக்கு "நீரற்ற அலுமினியம் குளோரைட்டு" என்று எழுதாவிட்டால் எங்கள் சேர் புள்ளியே தருவதில்லை. கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அப்படி என்ன கெட்டுப்போகும்?
– உயர்தர மாணவி, ஹட்டன்

சேர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது தங்கச்சி. அலுமினியத்தின் வெளி ஓட்டில் ஆறு இலத்திரன்கள்தான், இன்னொரு சோடி எங்கே கிடைக்கும் என்று அலைகிற ஆள் அது. இப்படிச் சோடியை வாங்கிக்கொள்ளும் எதையும் அமிலம் என்றே எடுக்கலாம், அதில் ஐதரசன் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை என்று அமெரிக்க இரசாயனவியலாளர் ஜி. என். லூயிஸ் 1923இல் சொன்னார், அப்படிப்பட்டதைத்தான் லூயிஸ் அமிலம் என்கிறோம். உங்கள் தாக்கத்தில் அலுமினியம் குளோரோமெதேனின் குளோரினைப் பிடித்து இழுக்க வேண்டும், இழுத்தால்தான் காபனில் இலத்திரன் குறைந்து பென்சீன் வந்து தாக்கும். பக்கத்திலேயே தண்ணீரின் ஒட்சிசன் சோடியை நீட்டிக்கொண்டு நின்றால் அது ஏன் குளோரினைத் தேடப்போகிறது? தண்ணீரோடு சேர்வதோடும் நிற்காது, உடைந்தும் போகும். ஹட்டன் ஜூலை மழைக்குள் அந்தப் போத்தலைத் திறந்தால் வாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி மூக்கைக் குத்தும். காற்றின் ஈரம் பட்டு ஐதரசன் குளோரைட்டு வெளியேறுகிறது. திறந்து பார்க்க வேண்டாம், நான் சொல்வதை நம்புங்கள். 1877இல் பிரீடலும் கிராப்ட்ஸும் இந்தத் தாக்கத்தைக் கண்டறிந்த நாள் முதல் இதில் பெரிய தலையிடி ஈரம்தான்.

லூயிஸ் அமிலம் ஒன்றை ஊக்கியாகப் போட்டேன், என்எம்ஆரில் விளைபொருள் சுத்தமாகத் தெரிகிறது. மேற்பார்வையாளர் மட்டும் "ஊக்கி அதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். இதற்கு மேல் என்ன காட்டுவது?
– ஆய்வு மாணவர், கண்டி

அவரைத் திட்டாதீர்கள் தம்பி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். என்எம்ஆர் என்பது மூலக்கூறின் அணுக்கருக்களைக் காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டி நிறமாலை எடுப்பது. விளைபொருளின் நிறமாலை என்ன உண்டானது என்று சொல்லும், யார் உண்டாக்கினார் என்று சொல்லாது. கறி ருசியாக இருக்கிறது என்பதை வைத்து அடுப்படியில் நின்றது அக்காவா அண்ணியா என்று சொல்லிவிட முடியுமா?

சிக்கல் எங்கே என்றால், உலோக டிரைபிளேற்று (டிரைபிளிக் அமிலத்தின் உலோக உப்பு) மாதிரியான லூயிஸ் அமிலங்கள் பலவற்றில் துளி ஈரம் பட்டாலே டிரைபிளிக் அமிலம் பிறந்துவிடும், அது சல்பூரிக் அமிலத்தைவிட எவ்வளவோ கடுமையானது, மிகக் கொஞ்சம் இருந்தாலும் உங்கள் தாக்கத்தை அதுவே முழுசாக முடித்துவிடும், பெயர் மட்டும் உலோகத்துக்குப் போகும். காலைப் பனியில் ஆய்வுகூட யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஊக்கியை நிறுக்கிறீர்கள் என்றால் எனக்கே சந்தேகம் வரும். முதலில் நிறமாலையில் 1.56 பிபிஎம் பக்கம் பாருங்கள் (பிபிஎம் என்பது சிக்னல் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் அளவு). தூத்தேரியக் குளோரோபோமில் தண்ணீரின் சிக்னல் அங்கேதான் வரும், பலர் அதைக் கண்டும் காணாததுபோலத் தாண்டிப் போவார்கள். கரைப்பான் போத்தல் பழசாகிவிட்டால் அதிலேயே அமிலம் சேர்ந்திருக்கும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் 2,6-டைடேர்ட்பியூட்டைல்பிரிடீன் என்ற காரத்தைக் கொஞ்சம் சேர்த்து அதே தாக்கத்தை மறுபடி செய்யுங்கள். அதன் நைதரசனுக்கு இரண்டு பக்கமும் பருத்த கூட்டங்கள் காவல் நிற்கின்றன, டிரைபிளிக் அமிலம் மாதிரியானவை தரும் புரோத்தன் மட்டுமே இடுக்கில் நுழைய முடியும், அதைவிடப் பெரிய எதுவும் கிட்டப் போவது கஷ்டம். இது ஐதரசன் குளோரைட்டோடு சேரும், போரன் டிரைபுளோரைட்டோடு சேராது என்று இரசாயனவியலாளர் எச். சி. பிரவுன் 1953இலேயே காட்டிவிட்டார். இதைப் போட்டதும் தாக்கம் நின்றுபோனால் வேலை பார்த்தது புரோத்தன். நிற்காமல் ஓடினால் உங்கள் லூயிஸ் அமிலத்துக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

ஒரு சாட்சி போதாது. டிரைஎதைல்பொஸ்பீன் ஒக்சைட்டை ஊக்கியோடு கலந்து பொசுபரசு என்எம்ஆர் எடுங்கள். அதன் ஒட்சிசன் தன் சோடியை ஊக்கிக்குக் கொடுக்கும்போது பொசுபரசின் இலத்திரன் சூழல் மாறி சிக்னல் மேலே நகரும். டைகுளோரோமெதேனில் தனியாக 50 பிபிஎம் பக்கம் இருப்பது, டிரிஸ்பென்டாபுளோரோபினைல்போரேன் என்ற பலமான லூயிஸ் அமிலத்தோடு சேர்ந்தால் 77 பக்கம் போகும். எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவுக்கு அமிலம் பலசாலி, குட்மன்-பெக்கெற் முறை என்பது இதுதான். எனக்கு இந்த முறை பிடிக்கும், ஆனால் ஒரு கெட்டியான ஒட்சிசனோடு ஊக்கி எப்படி நடக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும், உங்கள் மூலக்கூறோடும் அப்படியே நடக்கும் என்று எழுதிவிடாதீர்கள். உங்களுடைய ஊக்கி போரன் என்றால் போரன் என்எம்ஆரும் எடுக்கலாம். அடியில் ஒரு அகலமான மேடு எழும்பி நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது உங்கள் குழாயின் கண்ணாடியிலும் கருவியின் உள்ளேயும் இருக்கிற போரன். குவாட்ஸ் குழாய் கிடைத்தால் மேடு குறையும்.

எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் என்எம்ஆரும் ஒன்றுதான், கருவை வைத்துப் பார்ப்பது என்கிறான் பேரன். அப்படியென்றால் உடம்பில் அணுக்கதிர் படுமா?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, தலவாக்கலை

படாது ஐயா. பேரன் சொன்னது சரி, இரண்டும் ஒரே சங்கதிதான். உடம்புத் தண்ணீரின் ஐதரசன் கருக்களைக் காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டிப் பார்க்கிறார்கள், எக்ஸ்ரே மாதிரிக் கதிர் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா, ஆய்வுகூடத்து 400 மெகாஹேர்ட்ஸ் கருவியில் 9.4. பேஸ்மேக்கரோ உடம்புக்குள் வேறு உலோகமோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தைலத்தில் போடும் மென்தோலை சிட்ரொனெல்லா எண்ணெயில் இருக்கும் பொருளிலிருந்து செய்யலாம் என்று வாசித்தேன். புல் வாசம் எப்படி மின்ட் வாசமாகும்?
– மருந்துக்கடை நடத்துபவர், பதுளை

அந்த எண்ணெயில் உள்ள சிட்ரொனெலால் ஒரு நீளமான மூலக்கூறு, ஒரு முனையில் அல்டிகைட்டு, மறுமுனைப் பக்கம் ஒரு இரட்டைப் பிணைப்பு. சிங்க் புரோமைட்டு போய் அல்டிகைட்டின் ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டால் அந்தக் காபனில் இலத்திரன் தட்டுப்பாடு வரும், இரட்டைப் பிணைப்பு வளைந்து வந்து அதோடு சேர்ந்து ஆறு காபன் வளையமாகும். அதுதான் ஐசோபுலகோல், அதற்கு ஐதரசன் ஏற்றினால் மென்தோல். ஜப்பானின் டகசாகோ நிறுவனம் 1980களிலிருந்து இந்த வழியில் செய்கிறது. அவர்களுடைய சிட்ரொனெலால் புல்லிலிருந்து வருவதில்லை, மிர்சீன் என்ற ஐதரோகாபனிலிருந்து ரோடியம் ஊக்கியால் வருகிறது. அந்த வகை ஊக்கிக்காகத்தான் ஜப்பானிய இரசாயனவியலாளர் நொயோரி 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதை என்எம்ஆரில் பார்ப்பது தனி ருசி. 9.7 பிபிஎம் பக்கமிருந்த அல்டிகைட்டு சிக்னல் தேய்ந்துகொண்டே போகும், 4.9 பக்கம் இரண்டு புதுச் சிக்னல்கள் எழும்பும், 3.46இல் ஒட்சிசனை அடுத்த ஐதரசன் வந்து நிற்கும். அந்த 3.46 சிக்னலின் பிளவுகளுக்கு இடையே தூரம் 10 ஹேர்ட்ஸ் அளவுக்கு இருக்கும், அதாவது ஐதரசன் வளையத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது, ஐதரொட்சில் கூட்டம் வளையத்தின் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மென்தோலுக்கு வேண்டிய வடிவம் அதுதான். 3.98 பக்கம் ஒடுங்கலாக ஒன்று தெரிந்தால் வேண்டாத சகோதரன் நியோஐசோபுலகோலும் கூடவே பிறந்திருக்கிறது. சிங்க் புரோமைட்டைத் தெரிந்தெடுத்ததே அது அந்தச் சகோதரனைக் குறைவாகத் தருவதால்தான்.

ஒரே செடியில் வெட்டி நட்ட ஹைட்ரேஞ்சியா, வேலியோரம் நீலமாகவும் சிமெந்துச் சுவரோரம் ரோஸாகவும் பூக்கிறது. ஏன்?
– இல்லத்தரசி, நுவரெலியா

இங்கேயும் அலுமினியம்தான் அக்கா. உங்கள் மண் புளிப்பு மண், அதில் அலுமினியம் கரைந்து வேருக்குப் போய், பூவின் நிறப்பொருளில் உள்ள ஒட்சிசன்களின் சோடியை வாங்கிக்கொண்டு நீலமாக்கிவிடுகிறது. சிமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிகிற இடத்தில் புளிப்புக் குறைந்து அலுமினியம் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும், பூ ரோஸாகவே நிற்கும். தேயிலையும் இதே மண்ணில் அலுமினியத்தை வாங்கிச் சேர்ப்பதுதான், முற்றிய இலையின் உலர் நிறையில் 1 சதவீதத்தையும் தாண்டும், கொழுந்தில் மிகக் குறைவு. இலைக்குள் அது கற்றெகின் என்ற தேயிலைப் பொருளோடு சேர்ந்திருக்கிறது என்று ஜப்பானில் அலுமினியம் என்எம்ஆர் எடுத்துத்தான் கண்டார்கள். சுவரோரப் பூவையும் நீலமாக்க ஆசை என்றால் படிகாரத்தைத் தண்ணீரில் நன்றாக ஐதாகக் கரைத்து இடைக்கிடை ஊற்றுங்கள், கூடிப்போனால் வேர் கருகும்.