குரூப்பில் வந்த விடைத்தாள்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. கணக்கில் 11 மார்க். அந்த விடைத்தாளைப் பெயரோடு போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சர் போட்டுவிட்டார். இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். கேட்டால், "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள்.
- ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நல்லதுக்கு இல்லை அம்மா. நானும் ஏற்காட்டில் டீச்சராக இருந்தவள். ரேங்க் லிஸ்ட்டைக் கடைசிப் பெயர் வரைக்கும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். சாரலில் ஊறிய அந்தத் தாளில் ஒரு பையன் தன் பெயரை மட்டும் நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். பார்த்தும் பார்க்காத மாதிரி போனேன். அந்தத் தாளாவது ஒரு வாரத்தில் கிழிந்தது. உங்கள் மகளின் தாள் எத்தனை போனில் இருக்கிறதோ!

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிப்பதை மட்டுமல்ல, குழந்தைக்கு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 18 வயதுக்குட்பட்டவர் விவரம் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் அது படிப்படியாகத்தான் அமலாகிறது, பள்ளிகளுக்குச் சில விலக்கும் உண்டு. அதனால் முதல் சட்டத்தையே பிடியுங்கள்.

குரூப்பில் சண்டை போடாதீர்கள். மறுபடி அவள் பேச்சுதான் மேலே வரும். தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அட்மின் அந்தப் படத்தை எல்லோருக்கும் நீக்க முடியும். சேமித்தவர் போனில் இருப்பது போகாது. அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். கணக்கு டியூஷன் பேச்சை மட்டும் இந்த வாரம் எடுக்காதீர்கள்.