அட்லாண்டிக் நீரோட்டம் சரிவதை மாதிரிகளால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? – கேள்வி பதில்

அட்லாண்டிக் கடலில் சூடான நீர் மேற்பரப்பு வழியாக வடக்கே போகிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கம் குளிர்ந்து, கனத்து, அமிழ்ந்து, ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. இந்தச் சுழற்சிக்கு ஆமாக் என்று பெயர். கடலின் போக்கைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாதிரிகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி: வெப்பம் மெல்ல மெல்லத்தானே ஏறுகிறது? நீரோட்டம் மட்டும் எப்படிச் சட்டென்று படுக்கும்?

விஷயம் உப்பில் இருக்கிறது. வடக்கே உப்பைக் கொண்டு சேர்ப்பதே இந்த ஓட்டம்தான். உப்பு நீர் கனமானது, அதனால் அமிழ்கிறது. அமிழ்வதால் ஓட்டம் தொடர்கிறது. பனி உருகி நல்ல தண்ணீர் கலந்தால் அமிழ்வது குறையும். ஓட்டம் தளரும், வந்து சேரும் உப்பும் குறையும், ஓட்டம் இன்னும் தளரும். ஒரு எல்லைக்கு மேல் புதிதாகப் பனி உருக வேண்டியதே இல்லை, தளர்ச்சியே தளர்ச்சியை வளர்க்கும். அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமல் 1961-லேயே, குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகள் போன்ற எளிய கணக்கில் இதைக் காட்டிவிட்டார்.

பள்ளி ஆசிரியர்: சரிவதற்கு முன் அறிகுறி தெரியுமா?

பம்பரத்தைப் பாருங்கள். வேகமாகச் சுற்றும்போது விரலால் லேசாகத் தட்டினாலும் உடனே நிமிர்ந்துகொள்ளும். ஓயப்போகும் பம்பரம் அதே தட்டுக்குத் தள்ளாடும், நிமிர நேரமெடுக்கும். கடலிலும் இதைத்தான் தேடுகிறோம். ஏற்ற இறக்கம் பெரிதாகிறதா, ஓர் ஆண்டின் தளர்ச்சி அடுத்த ஆண்டுக்கும் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்கிறோம்.

வாசகர் ஒருவர்: 2057-ல் நின்றுவிடும் என்று செய்தி வந்ததே?

2023-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் வெளியிட்ட கணக்கு அது. 2025-க்கும் 2095-க்கும் இடையில் என்றுதான் சொன்னார்கள். செய்திகள் அதன் மைய மதிப்பீட்டை மட்டும் பிடித்துக்கொண்டன. அவர்கள் பயன்படுத்தியது நீரோட்டத்தை நேரடியாக அளந்த எண்களை அல்ல, கிரீன்லாந்துக்குத் தெற்கே 1870 முதல் பதிவான கடல்மேற்பரப்பு வெப்பநிலையை. அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கி, நீரை மொண்டு, வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் எஞ்சினைக் குளிர்விக்க இழுக்கும் நீரில் அளந்தார்கள். பிறகு மிதவை, செயற்கைக்கோள். அளக்கும் விதம் மாறினாலே ஏற்ற இறக்கமும் மாறியதுபோலத் தெரியும். அதனால் அந்த ஆண்டை நான் நம்பவில்லை, ஆபத்தை நம்புகிறேன். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, 2100-க்குள் திடீர்ச் சரிவு வராது என்று ஓரளவு உறுதியோடு மட்டுமே சொன்னது. 'ஓரளவு' என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடுவதில்லை.

பொறியாளர்: தேதி சொல்ல முடியாதென்றால் மாதிரி எதற்கு?

எங்கே கண் வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு. 2024-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் முழு அளவு மாதிரி ஒன்றில் வட அட்லாண்டிக்கில் நல்ல தண்ணீரைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். மாதிரிக்குள் 1,700 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு ஓட்டம் சரிந்தது. ஐரோப்பிய நகரங்கள் சில 5 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்தன. சரிவுக்குச் சற்று முன்பே ஓர் அடையாளம் கிடைத்தது. தென் அட்லாண்டிக்கில் 34 டிகிரி தெற்கில், நீரோட்டம் சுமக்கும் நல்ல தண்ணீரின் அளவு அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. வடக்கே நடக்கப்போவதைத் தெற்கே பார்க்கலாம் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

இன்னொரு மாணவர்: உண்மையான கடலில் எப்படி அளக்கிறார்கள்?

2004 முதல் 26.5 டிகிரி வடக்கில், கடலடியில் நங்கூரமிட்ட கம்பிகளில் கருவிகளைக் கோத்து வைத்திருக்கிறார்கள். சராசரி ஓட்டம் நொடிக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர். ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே கிடக்கும் தொலைபேசி கேபிளும் பல ஆண்டுகள் உதவியிருக்கிறது: பூமியின் காந்தப்புலத்தில் உப்பு நீர் ஓடும்போது கேபிளில் மின்னழுத்தம் உண்டாகும், அதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். 2009–10-ல் ஆமாக் சுமார் 30 சதவீதம் குறைந்து, பிறகு மீண்டது. இப்படி ஆடும் கடலில் இருபது ஆண்டுப் பதிவு போதாது. நடுவில் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும்.

விவசாயி: நம் மழைக்கு ஆபத்தா?

ஆம். ஆமாக் சரிந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும்; தென்மேற்குப் பருவமழை தளரும் என்றே பெரும்பாலான மாதிரிகள் காட்டுகின்றன. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் குளிர்ந்தபோது ஆசியப் பருவமழை மெலிந்தது. அது குகைகளில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புப் படிவங்களில் பதிந்திருக்கிறது.