மாற்றியமைத்த ஸ்லாட் கார்: 220 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு பாயான் லெப்பாஸில் அடுக்குமாடி வீடு. வரவேற்பறையில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பிளாஸ்டிக் டிராக் போட்டு நானும் மகனும் ஸ்லாட் கார் (டிராக்கின் பள்ளத்தில் ஓடும் சின்ன மின்சாரப் பொம்மைக் கார்) ஓட்டுகிறோம். கோலாலம்பூரில் ஒருவர் மோட்டார், கியர், டயர் எல்லாம் மாற்றிய 1/32 அளவு கார் ஒன்றை 480 ரிங்கிட்டுக்கு விற்கிறார். அதே கார் கடையில் புதிதாக 260. தன் வீட்டு மர டிராக்கில் எடுத்த வீடியோவும் அனுப்பினார்: சாதாரண கார் ஒரு சுற்றுக்கு 7.6 விநாடி, அவர் மாற்றியது 7.1. இந்த அரை விநாடிக்கு 220 வெள்ளி (ரிங்கிட்) தகுமா? வாங்கினால் வீட்டில் எப்படிச் சோதிப்பது? வேலை செய்யாவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம் என்பேன். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அரை விநாடி கிடைத்தது அவருடைய மர டிராக்கில். உங்கள் டிராக் வேறு ஜாதி.

மர டிராக்கில் பலகையில் பள்ளம் வெட்டி, மின்சாரம் போக இரண்டு பக்கமும் பெரும்பாலும் செம்பு நாடா ஒட்டுவார்கள். செம்பைக் காந்தம் இழுக்காது. அதனால் அங்கே ஓடும் கார்களில் காந்தத்தைக் கழற்றிவிட்டு, ஈயத் துண்டு ஒட்டி எடை கூட்டுவது வழக்கம். உங்கள் பிளாஸ்டிக் டிராக்கில் இருப்பது இரும்புக் கம்பி. கடையில் வாங்கும் கார் அடியில் காந்தத்தோடு வருகிறது, வளைவில் அதைப் பிடித்து வைப்பதே அந்தக் காந்தம்தான். காந்தம் இல்லாத காரை உங்கள் மகன் பழைய பழக்கத்தில் ஓட்டினால் முதல் வளைவிலேயே சோபாவுக்கு அடியில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

கைடு பற்றியும் கேளுங்கள், காரின் மூக்குக்கு அடியில் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் தகடு அது. மர டிராக்குக்கு ஆழமான கைடு போடுவார்கள். பிளாஸ்டிக் டிராக்கின் பள்ளம் அவ்வளவு ஆழம் இல்லை. கைடு அடியில் தட்டினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், கம்பியோடு தொடுப்பு விட்டு விட்டு வரும். அப்புறம் எந்த மோட்டார் போட்டும் பயன் இல்லை.

மோட்டார் விஷயத்தில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் சாதாரண மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று என்ற கணக்கில் வருவது. அதை 25,000 ஆக்கினால் நீளமான நேர்பாதையில் தெரியும். வரவேற்பறையில் நேர்பாதை எவ்வளவு நீளம் இருக்கப்போகிறது? வேகம் எடுப்பதற்குள் கன்ட்ரோலரில் விரலைத் தளர்த்த வேண்டிவரும். வீட்டு டிராக்கில் காசுக்கு ஏற்ற பலன் தருவது பின் டயர்தான். நல்ல யூரேத்தேன் அல்லது சிலிக்கன் டயர் ஒரு ஜோடி வாங்க, நீங்கள் சொன்ன 220இல் சிறு பங்கு போதும். சிலிக்கன் தூசியைக் கண்டால் வழுக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால், 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தபால் செலவோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, காசே வேண்டாம். பாடியை (மேல்கூட்டை) சேஸியோடு (அடித்தட்டோடு) பிடிக்கும் திருகாணிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். காரைக் காதருகே வைத்து ஆட்டினால் பாடி லேசாகக் கடகடக்கும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்வது. வளைவில் பாடி கொஞ்சம் அசைய இடம் இருந்தால் கார் துள்ளாமல் போகும். “டியூன் செய்தது” என்று விற்கும் கார்களில் பாதி வித்தை இதுதான்.

இனி சோதனை. வாங்கும் முன்பே செய்ய முடிந்தால் நல்லது. அவர் பினாங்கு வரும்போது காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் போகும்போது உங்கள் டிராக்கில் நாலைந்து துண்டும் உங்கள் காரும் எடுத்துப் போங்கள். கைடு அடியில் தட்டுகிறதா என்று ஒரே துண்டில் வைத்தாலே தெரிந்துவிடும். காரைக் கண்ணாடி மேல் வைத்துப் பின் டயருக்கு அடியில் காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். டயர் முழு அகலத்துக்கும் சமமாக உட்கார்ந்திருந்தால் காகிதம் நுழையாது. ஒரு ஓரத்தில் நுழைந்தால் டயரைச் சரியாகத் தேய்த்துச் சமன் செய்யவில்லை என்று அர்த்தம். 480 கேட்பவர் இதைக்கூடச் செய்யாமல் விற்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு காருக்கும் ஒரே உபசாரம் செய்யுங்கள். கைடுக்கு அடியில் இருக்கும், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் செம்புப் பின்னலை நீவி விடுங்கள், டயர்களை ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தில் உருட்டித் தூசியை எடுங்கள். உங்கள் பக்கம் கடல் காற்று, கம்பி சீக்கிரம் மங்கும். அதையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஒரே லேனில் (ஒரே பள்ளத்தில்) ஓட்ட வேண்டும், ஏனென்றால் லேனுக்கு லேன் நீளம் வேறாக இருக்கலாம். பக்கத்து லேனில் யாரும் ஓட்டக் கூடாது. ஒரே அடாப்டரில் இரண்டு கார் இழுத்தால் உங்கள் காருக்கு வோல்ட் இறங்கும்.

முதலில் சாதாரண கார் இருபது சுற்று, அப்புறம் மாற்றிய கார் இருபது, அப்புறம் மறுபடியும் சாதாரண கார் இருபது. பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாவது ஓட்டத்தைத்தான். ஓட்ட ஓட்ட உங்கள் கைக்கு வளைவு பழகும், டிராக்கில் டயர் ஒட்டுதல் ஏறும். இரண்டாவதாக ஓடும் கார் எதுவானாலும் வேகமாகத்தான் தெரியும். சாதாரண காரின் இரண்டு ஓட்டங்களையும் சராசரி எடுத்து, அதோடு மாற்றிய காரை ஒப்பிடுங்கள். அந்த வீடியோவில் இப்படிச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

மிக வேகமான ஒரு சுற்றை எடுத்துப் பெருமை பேசாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக எழுதி நடுவில் வருவதைப் பாருங்கள், எத்தனை முறை கார் தடம்விட்டுப் பறந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் எடுக்க, போனை அசையாமல் நிறுத்தி வீடியோ எடுத்தால் போதும். மகனும் ஒரு முறை ஓட்டட்டும். உங்கள் கையில் வேகமாகப் போகும் கார் அவன் கையில் நாலு முறை கவிழ்ந்தால், அது உங்கள் வீட்டுக்கு வேகமான கார் இல்லை.

பணம் திரும்புமா என்றால், விற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 வியாபாரமாக விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும். பொழுதுபோக்குக்காக வைத்திருந்த காரை ஒருவர் விற்றால் அந்தச் சட்டத்தைக் காட்டி நிற்க முடியாது. அவரே தொழிலாக மாற்றி விற்கிறார் என்றால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 5 ரிங்கிட் கட்டணம்தான். எதுவானாலும் “காந்தம் உண்டா, எந்த கைடு, என்ன டயர், எந்த டிராக்கில் 7.1” என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் அனுப்புங்கள். 300 என்று இறங்கி வந்தால், கைடும் ஒத்துவந்தால், நான்கூட யோசிப்பேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் ஸ்லாட் கார் செட் கொண்டுவந்தார். பிளக்கை மட்டும் மாற்றிப் போடலாமா? — செராஸ் வாசகி

பதில்: அடாப்டர் மேல் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள், அம்மா. 100-240V என்று இருந்தால் நம் ஊர் மூன்று முனை பிளக்குக்கு ஏற்ற மாற்றி போதும். 120V மட்டும் இருந்தால் செருகவே செருகாதீர்கள், கருகிவிடும். அதே டிசி வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் உள்ள, சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை போட்ட அடாப்டரை இங்கேயே வாங்குங்கள். டிராக்கில் செருகும் முனையின் பிளஸ் மைனஸ் பழையதைப் போலவே இருக்கிறதா என்று கடையில் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.