ஆபரேஷன் முடிந்தும் இடுப்புவலி: கேஸ் நிற்குமா?

கேள்வி: பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்கும் வேலை. வயது 43. கீழ்முதுகில் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு விலகியிருக்கு என்று பெங்களூரு தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்து 19 மாதம் ஆகிறது. வலி போகவில்லை, இடது காலும் மரத்துப்போகிறது. கேஸ் போட்டால் நிற்குமா?
– வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: வலி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிற்காது. ஆபரேஷன் ஒழுங்காக நடந்தும் சிலருக்கு வலி தொடரும். உள்ளே தழும்பு நரம்பைப் பிடிக்கும், அதே ஜவ்வு மறுபடி பிதுங்கும். குணமாக்கித் தந்தாரா என்று சட்டம் கேட்காது. அந்தத் துறை டாக்டர் ஒருவர் காட்டவேண்டிய கவனத்தைக் காட்டினாரா என்றுதான் கேட்கும்.

அதற்கு விடை உங்கள் ஃபைலில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. ஆபரேஷன் குறிப்பு, சம்மதப் படிவம், ஸ்கேன் எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. நேரில் போய்க் கேட்டு 'டாக்டர் லீவு' என்ற பதிலோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் குறிப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஸ்கேனில் எல்4–எல்5, குறிப்பில் எல்3–எல்4 என்று இருந்தால் இடம் மாறியிருக்கிறது; பாதி கேஸ் அங்கேயே ஜெயித்த மாதிரி. அடுத்து சம்மதப் படிவம். 'வலி நிற்காமலும் போகலாம்' என்று உங்களுக்குப் புரியும் பாஷையில் சொன்னார்களா, கன்னடத்திலோ இங்கிலீஷிலோ நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கினார்களா? விவரம் தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வேறொரு முதுகுத்தண்டு டாக்டரிடம் புது ஸ்கேன் எடுத்து, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ கேஸைத் தூக்கி ஓரம் வையுங்கள். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போகவேண்டும்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, மிக மோசமான அலட்சியம் இல்லாமல் டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்பதில்லை. நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. பெங்களூருக்கு அலையவும் வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் தர்மபுரியிலேயே போடலாம். சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கோர்ட் ஃபீஸ் கிடையாது.

கெடு 2 வருஷம். ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணுவதுதான் பத்திரம். அப்படி எண்ணினால் கையில் இருப்பது 5 மாதம். ஃபைல் கேட்கும் கடிதம் இந்த வாரமே போகட்டும்.