சீனக்குடா படத்திலுள்ள நாலு எஞ்சின் விமானம்: 1942 ஆக இருக்காது

வணக்கம். தாத்தாவின் படத்துக்குப் பின்னால் 'சீனக்குடா, 1942' (இலங்கையில் திருகோணமலை அருகேயுள்ள விமானத்தளம்) என்று எழுதியிருக்கிறது, ஆனால் விமானத்துக்கு நாலு எஞ்சின், ஆண்டு சரியா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்த ஆண்டில் நம்பிக்கை இல்லை.

1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் அங்கிருந்து எழும்பிச் சண்டையிட்டவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படையணியைச் சேர்ந்த ஹரிக்கேன் சண்டை விமானங்கள். அதற்கு ஒரே எஞ்சின்தான்.

முதலில் வாலைப் பாருங்கள். முட்டை வடிவத்தில் இரட்டை வால் என்றால் லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். உயரமான ஒற்றை வால், படிக்கட்டு போன்ற வெட்டே இல்லாத உருண்டைக் கண்ணாடி மூக்கு, நாலு இதழ் விசிறி என்றால் பி-29 என்ற பெரிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். அதுவானால் 1944 ஆகஸ்ட் என்று துணிந்து எழுதலாம். ஆகஸ்ட் 10 இரவு ஜப்பானியர் கையிலிருந்த சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்க ஐம்பதுக்கு மேற்பட்ட பி-29கள் அங்கிருந்துதான் கிளம்பின. அந்தப் பாரத்துக்காகவே ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள்.

பிறகு உடலிலுள்ள சின்னம். அமெரிக்க நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டை இருந்தால் 1943 நடுப்பகுதிக்குப் பிந்தியது. பிரித்தானிய வட்டச் சின்னம் என்றால் நடுவில் சிவப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜப்பானியச் சூரியனோடு குழம்பாதிருக்க ஆசியப் போர்முனையில் பின்னர் சிவப்பை எடுத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பி ஏமாறவேண்டாம், சில பிலிம்களில் சிவப்பும் கருமையாகத்தான் விழும்.

பின்பக்க எழுத்தை அழிக்காதீர்கள். இரு பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வாலை மட்டும் பெரிதாக்கி இங்கே போடுங்கள்.