அண்ணன் வாங்கிக் கொடுத்த மோஷன் நாற்காலி: வழக்குக்குப் பெங்களூர் போக வேண்டுமா?

கேள்வி: கருங்கல் பக்கத்தில் எங்கள் வீடு. மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். கார் ரேஸ் விளையாட்டில் எனக்குள்ள ஆசை தெரிந்து, மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் போன ஓணத்துக்கு முன்னால் பெங்களூர் நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் 2,85,000 ரூபாய் கட்டி, வி.ஆர். விளையாட்டுக்கான மோஷன் சிமுலேட்டர் நாற்காலி (விளையாட்டில் வண்டி அசைவதற்கேற்ப இருக்கையும் அசையும்) வாங்கித் தந்தார். பில் அண்ணன் பெயரில், டெலிவரி முகவரி என் பெயரில். மூன்று வித அசைவு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வந்த நாற்காலி முன்பின்னாகச் சாய்கிறது, பக்கவாட்டில் சாய்கிறது, ஆனால் திரும்பவே இல்லை. அந்த வாரமே எழுதிக் கேட்டதற்கு ‘அப்டேட் வரும்’ என்றார்கள். நாலு மாதத்தில் வலதுபக்க மோட்டார் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒருநாள் பத்தாம் வகுப்பு படிக்கும் சித்தி மகன் விளையாடிக்கொண்டிருந்தபோது நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்து அப்படியே நின்றுவிட்டது. அவன் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உடனே ஊரில் உள்ள வர்ம வைத்திய ஆசானிடம் கட்டுப் போட்டோம். வீக்கம் வடியாததால் நாலாவது நாள் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தோம். இப்போது நிறுவனம், ‘உங்கள் ஊர் வோல்டேஜ்தான் காரணம், தயாரித்தது சீனக் கம்பெனி, மோட்டாரைக் கழற்றி உங்கள் செலவில் அனுப்புங்கள், வழக்கென்றால் பெங்களூரில்தான்’ என்கிறது. ஊர்த் திருவிழா சமயத்தில் பிள்ளைகளிடம் ஒரு ஆட்டத்துக்கு 50 ரூபாய் வாங்கியதை நான் ரீல்ஸ் போட்டிருந்தேன். அதைக் காட்டி, ‘வியாபாரத்துக்குப் பயன்படுத்தியவர் நுகர்வோரே அல்ல’ என்றும் மிரட்டுகிறார்கள். அந்த ரீல்ஸை அழித்துவிடு என்கிறார் ஒரு நண்பர். போலீசில் புகார் கொடுக்கலாமா? என்ன செய்வது?

பதில்: தம்பி, மோட்டாரை அனுப்பாதீர்கள். நாற்காலி இப்போது எப்படிச் சரிந்து நிற்கிறதோ அப்படியே விட்டு, பிளக்கை மட்டும் பிடுங்கி வையுங்கள். பழகிய வொர்க்‌ஷாப்காரர் திறந்து பார்க்கிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். ‘பொருளை மாற்றியமைத்துவிட்டார்கள்’ என்று காட்டி விற்பனையாளர் தப்பிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது (பிரிவு 87). அந்த வழியை நீங்களே திறந்துவிடக் கூடாது. சோதிக்க வேண்டுமென்றால் அவர்கள் ஆளை அனுப்பட்டும், வீட்டில் வைத்துப் பார்க்கட்டும். இதை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

பெங்களூர் பயம் தேவையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-வது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்க உரிமை தருகிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சட்டம் கொடுத்த உரிமையை, பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு வரி பறித்துவிட முடியாது. கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே கிடையாது. அண்ணன் கட்டிய 2,85,000 ரூபாய்தான் கணக்கு, நீங்கள் கேட்கப்போகும் நஷ்டஈடு இதில் சேராது.

பில் அண்ணன் பெயரில் இருப்பதும் தடையில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2(7) பிரிவு சொல்கிறது. நம் மாவட்டத்தில் வளைகுடாச் சம்பளத்தில் வாங்கி வீட்டுக்கு வந்த பொருள்கள் எத்தனையோ. பில்லில் தன் பெயர் இல்லை என்பதாலேயே வாய்மூடி இருந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது. அண்ணனை முதல் புகார்தாரராகவும் உங்களை இரண்டாம் புகார்தாரராகவும் போடுவதே பாதுகாப்பு.

அடுத்தது, வழக்கை எங்கிருந்து தொடங்குவது என்பது. உங்கள் கடிதம் முழுக்க மோட்டாரும் விபத்துமாக இருக்கிறது. நான் அந்த மூன்றாவது அசைவிலிருந்துதான் தொடங்குவேன். விமானிகளின் பயிற்சிக்கூடங்களில் ஆறு கால் வைத்த மேடை இருக்கும். அது ஆறு வித அசைவையும் தரும். வீட்டுக்கு விற்கிற நாற்காலிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்றோடு நின்றுவிடும். அசைவின் எண்ணிக்கை கூடக் கூட விலையும் ஏறும். ரேஸ் விளையாட்டில் வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிப் போவதுபோல உடம்புக்குத் தோன்ற வேண்டுமென்றால், இருக்கை இடம்வலமாகத் திரும்பியாக வேண்டும். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருக்கையின் அடியில் நடுவில் ஒரு உருட்டு மூட்டு, பின்னால் இரண்டு மோட்டார், அவற்றிலிருந்து மேலே போகும் இரண்டு தண்டு. இவ்வளவுதான். அடிச்சட்டம் நாலு போல்ட்டில் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. திருப்புவதற்கு ஒரு மோட்டாரும் இல்லை, திரும்புவதற்கான அமைப்பும் இல்லை. இல்லாத மோட்டாரை எந்த அப்டேட்டும் கொண்டுவராது.

இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். விளம்பரப் பக்கத்தின் அச்சுப் பிரதியும் இந்தப் படங்களும் போதும். சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. பொருள் வந்த வாரமே நீங்கள் எழுதிக் கேட்டிருப்பது இங்கே பெரிய பலம். மோட்டார் பழுதை மட்டும் நம்பிப் போனால், நிபுணர் சோதனை, அதற்கு ஆட்சேபணை என்று வழக்கு நீளும். சோதனை தேவைப்படாத புகாரை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் இன்னும் கூடும். அதனால் முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பிக் கேட்கும் கோரிக்கையை இந்த மூன்றாவது அசைவின்மேல் நிறுத்துங்கள். மோட்டாரும் விபத்தும் அதன் பின்னால் வரட்டும்.

‘தயாரித்தது சீனக் கம்பெனி, அவர்களைக் கேளுங்கள்’ என்ற பேச்சுக்கு வருவோம். மரப்பெட்டியை விறகுக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். உங்கள் படத்தில் ‘மேட் இன் சைனா’ என்பதும் ஒரு மாடல் எண்ணும்தான் தெரிகின்றன. தயாரித்தவர் பெயரோ இறக்குமதி செய்தவர் பெயரோ முகவரியோ தெரியவில்லை. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலும், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் கொண்டு சேர்க்க முடியாவிட்டாலும், அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராக இருந்தாலும், அந்தப் பொருளால் ஏற்பட்ட தீங்குக்கு விற்றவரே பொறுப்பு. பிரிவு 86 இதை நேரடியாகவே சொல்கிறது. அதாவது, சீனாவைக் கைகாட்டக் கைகாட்ட அவர்கள் தங்கள் பொறுப்பைத்தான் உறுதி செய்துகொண்டு போகிறார்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரமாக வையுங்கள்.

வோல்டேஜ் காரணத்தை வெறுமனே மறுத்தால் போதாது. விபத்து நடந்தது மழைக்காலம், நம் பக்கம் கரண்ட் போய் வருவதும் வழக்கம்தான். ஆனால் அதே நாள் அதே வீட்டில் ஃப்ரிட்ஜும் டிவியும் கம்ப்யூட்டரும் கெடவில்லை என்பதை அம்மாவும் நீங்களும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லலாம். ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தால் அதன் பில்லைச் சேருங்கள். அறிவுறுத்தல் புத்தகத்தில் ஸ்டெபிலைசர் கட்டாயம் என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். இல்லையென்றால், எச்சரிக்கத் தவறியதே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். பல நாள் கரகரவென்று சத்தம் போட்டு, அதன்பின் இறுகி நின்ற மோட்டாரில் பல்சக்கரத் தேய்மானமா மின்சாரக் கோளாறா என்பதை ஒரு பொறியாளர் பார்த்தாலே சொல்லிவிடுவார். தேவைப்பட்டால் நிபுணரை நியமிக்க ஆணையத்திடம் மனு போடலாம். நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற இடத்தில் உள்ள பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரைக் கேட்கலாம்.

சரி, அந்த 50 ரூபாய். தம்பி, அந்த ரீல்ஸை அழித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அழித்தால் மறைத்த குற்றம்தான் மிஞ்சும். புகார் மனுவிலேயே ஒரு பத்தி எழுதி, திருவிழா நாட்களில் கரண்ட் செலவுக்கென்று பிள்ளைகளிடம் வாங்கினேன், இவ்வளவு வந்தது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். சட்டம் கேட்பது, பொருளை வாங்கியதன் முதன்மையான நோக்கம் என்ன என்பதுதான். 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் வொர்க்ஸ் வழக்கில், வணிக நோக்கமா இல்லையா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2024-இல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வணிக நோக்கம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. தம்பிக்கு அண்ணன் ஆசையாக வாங்கித் தந்த பொருள், வீட்டு அறையில் கிடக்கிறது, உங்களுக்கு மாதச் சம்பளம் வேறு கடையில் வருகிறது. சில நாட்கள் வாங்கிய சில்லறைக் காசால் இது வணிக நோக்கமாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக வசூலைத் தொடரவும் கூடாது.

சித்தி மகனின் கை விஷயம்தான் எனக்குக் கவலை. பதினைந்து வயதுப் பையன், பரீட்சை எழுதும் கை. இதற்கு நஷ்டஈடு கேட்க முடியும், ஆனால் தனியாகப் பார்க்க வேண்டும். குறையுள்ள பொருளால் உடலுக்கு நேரும் காயம் ‘பொருள் பொறுப்பு’ என்ற அத்தியாயத்தில் வருகிறது. அவன் மைனர் என்பதால் அவனுக்காகச் சித்தியோ சித்தப்பாவோ புகார்தாரராக வர வேண்டும். உங்கள் சம்மதத்தோடு உட்கார்ந்து விளையாடியவனும் பயனாளர்தான் என்று வாதாடுவேன். ‘வாங்கியவர் அண்ணன், அவருடைய சம்மதம் எங்கே’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். வீட்டில் எல்லாருமே பயன்படுத்தத்தான் வாங்கினேன் என்று அண்ணன் தன் பிரமாணப் பத்திரத்தில் சொல்வது அதற்காகத்தான் முக்கியம்.

ஆசானிடம் போனதில் தவறொன்றும் இல்லை. வர்ம ஆசான்களிடம் எலும்புக்குக் கட்டுப் போடுவது இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. ஆனால் எக்ஸ்ரேக்கு முன்னால் உள்ள அந்த நாலு நாள் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, ‘வேறெங்கோ விழுந்திருக்கிறான்’ என்பார்கள். ஆகவே எந்த நாள் பையனை அழைத்து வந்தார்கள், எந்தக் கை, எப்படி விழுந்ததாகச் சொன்னார்கள் என்று ஆசானிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். விழுந்த அன்று இரவு சித்திக்கு நீங்கள் அனுப்பிய குரல் செய்தி இருந்தால் அது பொன்னானது. மருத்துவமனைச் சீட்டில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ‘வழுக்கி விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால் அதற்கு விளக்கம் தர வேண்டியிருக்கும்.

போலீஸ் வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்து நாள்தான் போகும்.

இனி செய்ய வேண்டியது. விளம்பரப் பக்கம் மாறுவதற்கு முன்னால் இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக அச்செடுங்கள். இவற்றோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவின்படி மின்னணுச் சான்றிதழ் வைக்க வேண்டும். படிவம் வக்கீலிடம் கிடைக்கும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் அவர் தீர்த்திருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தால் சில சமயம் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடுவதும் உண்டு. அப்புறம், 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ். புகாருக்கு முன் நோட்டீஸ் விட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் விடுங்கள். புகாரை நேரில் கொடுக்கலாம், நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ருதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசவும் உரிமை உண்டு. கை முறிந்த விஷயம் இருப்பதால் ஒரு வக்கீலை வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

வழக்குக்கான காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாற்காலி வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம். அண்ணன் லீவில் வரும்போது இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை சுலபம். அதுவரை காத்திருக்க முடியாதென்றால், மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி உங்கள் பெயருக்குப் பொது அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.