பத்தாயிரம் தோல்விகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸ் 1908-க்குப் பிறகு 2016 வரை கோப்பையே வெல்லாததையும், தன் ஆட்டுக்கடாவை மைதானத்தில் அனுமதிக்காத கோபத்தில் ஒருவர் அவர்களுக்கு இட்டதாகச் சொல்லும் அந்த ஆட்டுக்கடா சாபத்தையும் பற்றி எழுதியிருந்தீர்கள். சாபத்தை விடுங்கள். ஓர் அணி தலைமுறை தலைமுறையாகத் தோற்றால் அதைத் தலையெழுத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

தலையெழுத்துக்குப் போவதற்கு முன்னால் முதலாளியின் கல்லாப்பெட்டியைப் பார்த்துவிடலாம். அதற்குக் கப்ஸைவிடப் பொருத்தமான அணி பிலடெல்பியா பில்லீஸ். 1883-ல் தொடங்கி, 1980-ல்தான் முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸை, அதாவது பேஸ்பாலின் சாம்பியன் கோப்பையை, வென்றார்கள். 2007 ஜூலையில் அவர்களுடைய பத்தாயிரமாவது தோல்வி பதிவானது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வேறெந்த அணியும் அதற்குமுன் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

1915 முதல் மூன்று வருடமும் குரோவர் அலெக்சாண்டர் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) ஆண்டுக்கு முப்பது ஆட்டமாவது ஜெயித்துக்கொடுத்தார். 1917 சீசன் முடிந்ததும் முதலாளி வில்லியம் பேக்கர் பெருந்தொகை வாங்கிக்கொண்டு அவரைக் கப்ஸுக்குத் தள்ளிவிட்டார். அப்புறம் 1948 வரை 31 சீசன். தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தது 1932-ல் மட்டும்தான்.

இதில் 1930 தனி ரகம். அணி மொத்தத்துக்கும் பேட்டிங் சராசரி 0.315. ஒரு தனி வீரர் 0.300 எடுத்தாலே கொண்டாடுகிற ஆட்டம் இது. ஆனால் பந்து வீச ஆளில்லை. 102 தோல்வி, கடைசி இடம். அவர்களுடைய பேக்கர் பவுல் மைதானத்தின் வலதுபக்கத் தகரச் சுவரில் ஒரு பெரிய சோப்பு விளம்பரம்: 'பில்லீஸ் பயன்படுத்துவது லைஃப்பாய்'. நம்ம வீட்டு லைஃப்பாயேதான். அதன் கீழே யாரோ ஒரு ரசிகர் 'அப்படியும் நாற்றம் போகவில்லை' என்று எழுதிவைத்தார் என்று ஒரு கதை உண்டு.

பணமில்லாததை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. 1947-ல், கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த பெரிய லீக்குகளின் கதவைத் திறந்த புரூக்ளின் வீரர் ஜாக்கி ராபின்சன் பிலடெல்பியாவுக்கு எதிராக ஆடவந்தபோது, பில்லீஸ் மேலாளர் பென் சாப்மன் அவரை நிறத்தைச் சொல்லிக் கேவலமாக ஏசினார். இரண்டு பெரிய லீக்குகளில் பில்லீஸ் ஆடும் நேஷனல் லீகில் கடைசியாகக் கறுப்பின வீரரைச் சேர்த்த அணியும் இதுதான், அதுவும் 1957-ல். பிலடெல்பியாவிலேயே பிறந்த ராய் கேம்பனெல்லா அதற்குள் புரூக்ளின் அணிக்கு ஆடி, மூன்று முறை லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கிவிட்டார். சொந்த ஊர்ப் பிள்ளையை வேண்டாமென்று விட்டுவிட்டு விதியைக் குறை சொல்லலாமா?

சரி, 1964-ஐ வேண்டுமானால் உங்கள் கட்சிக்குத் தருகிறேன். சீசனில் 12 ஆட்டம் பாக்கி, லீக் பட்டியலில் ஆறரை ஆட்டம் முன்னிலையோடு முதலிடம். அங்கிருந்து வரிசையாகப் பத்துத் தோல்வி! ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் செயின்ட் லூயிஸ் முந்திக்கொண்டது. ஆனால் அங்கேயும் பாருங்கள், மேலாளர் ஜீன் மாக் பதற்றத்தில் பன்னிங், ஷார்ட் என்ற இரண்டு பிட்சர்களையே போதிய ஓய்வு தராமல் திரும்பத் திரும்ப இறக்கினார்.